அம்மாவின் மருத்துவத் தகவல் கசிந்துவிட்டது: யார் மீது, எங்கே வழக்குப் போடலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்திருக்கிறது. சில மாதங்களுக்குப் பிறகு மூலிகை மருந்து விற்பவர்கள், மருத்துவக் கடன் தருகிறோம் என்பவர்கள் என்று யார் யாரோ அம்மாவின் போனுக்கே கூப்பிடுகிறார்கள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது வரை சொல்கிறார்கள். வீட்டில் நீங்கள் அம்மாவிடம் "சின்னக் கட்டி, எடுத்தாயிற்று" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தீர்கள். மருத்துவமனையைக் கேட்டால், "சாஃப்ட்வேர் கம்பெனியின் சர்வரில் பிரச்சினை, எங்கள் மேல் தப்பில்லை" என்கிறார்கள். வழக்குப் போட்டால் இழப்பீடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழக்குப் போடலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தகவல் வெளியே போனதற்காகவே பணம் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு கிளம்பினால் ஏமாற்றம்தான். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் தகவல் திருடு போனால் லட்சக்கணக்கான நோயாளிகள் சேர்ந்து ஒரே வழக்காகப் போட்டுச் சமரசத் தொகை வாங்குவதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். இங்கே அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. நம் ஊரில் எந்த வாசலுக்குப் போவது என்பதை, என்ன கசிந்தது என்பதைவிட, அதனால் உங்களுக்கு என்ன கெடுதல் நேர்ந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது. நுகர்வோர் வழக்குகளும் சைபர் புகார்களும் நடத்தி வரும் வழக்கறிஞர் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் இன்னும் சர்ச்சையில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் அவசரமான ஒன்று. இந்திய அரசின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதைச் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை, அதாவது லாக்குகளை, 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு முக்கியம் அந்த 180 நாட்கள். யார் எப்போது எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதற்கான சாட்சி அந்த லாக்தான். ஆறு மாதம் கழித்து "அதெல்லாம் அழிந்துவிட்டது சார்" என்று அவர்கள் சொன்னால் நாம் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வழக்கு பற்றி முடிவெடுப்பதற்கு முன்பே, இந்த வாரமே, மருத்துவமனைக்கும் அந்த சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அம்மாவின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, அது தொடர்பான லாக்குகள், செர்ட்-இன்னுக்கு அனுப்பிய அறிக்கை, இரு நிறுவனங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கும்படி எழுதுங்கள். எந்தெந்தத் தகவல் வெளியே போனது என்பதை எழுத்தில் தரும்படியும் கேளுங்கள். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நீங்களே எழுதி ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம், மின்னஞ்சலிலும் ஒரு நகல் போடுங்கள். ஆர்டிஐ போட்டு செர்ட்-இன்னிடமிருந்தே அறிக்கையை வாங்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2023 நவம்பரில் செர்ட்-இன்னை ஆர்டிஐ வரம்பிலிருந்து பெருமளவு விலக்கிவிட்டார்கள், அந்த வழியை நம்ப வேண்டாம்.

அதோடு அம்மாவின் மருத்துவ ஆவணங்களின் முழு நகலையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்கு விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தகவல் அந்த மருத்துவமனையிலிருந்துதான் போனது என்று நிரூபிப்பதுதான் இந்த வழக்குகளில் மிகக் கடினமான வேலை. ஸ்கேன் சென்டர், மருந்துக்கடை, இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று எத்தனையோ கைகள் வழியாக அந்தத் தகவல் போயிருக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார். என் கட்சிக்காரர் ஒருவர் விஷயத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு இனிஷியல். அந்த அம்மாவுக்கு ஆதார், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் அப்பா பெயரின் எழுத்து. மருத்துவமனை ரிசப்ஷனில் மட்டும் கணவர் பெயரின் எழுத்தைப் போட்டுப் பதிந்திருந்தார்கள், வயதையும் இரண்டு கூட்டிப் போட்டிருந்தார்கள். போன் செய்தவர் அதே தப்பான இனிஷியலோடு, அதே தப்பான வயதைச் சொன்னார். வேறு எந்த ஆவணத்திலும் இல்லாத பிழை என்பதால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. உங்கள் அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பில்லிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெயரின் எழுத்து, பழைய முகவரி, மாற்றிவிட்ட போன் நம்பர், எது வேண்டுமானாலும் உதவும்.

வந்த அழைப்புகளின் பட்டியல், வாட்ஸ்அப் செய்திகள், ஆட்டோ ரெக்கார்டு இருந்தால் குரல் பதிவு, எல்லாவற்றையும் அதே போனில் அப்படியே விட்டு வையுங்கள். போனை மாற்றினாலும் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்தைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63இன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். மூல போன் கையில் இருந்தால் இது சுலபம்.

சரி, இனி வழிகளுக்கு வருவோம். உங்கள் நிலையில் நான் முதலில் தட்டச் சொல்வது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் கதவை. காரணம் எளிது: உங்களுக்குப் பண நஷ்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, நேர்ந்தது மன உளைச்சல். அதற்கு இழப்பீடு தரும் பழக்கம் நுகர்வோர் ஆணையங்களுக்கு ஏற்கெனவே உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டப்படி அல்லாமல் பிறருக்கு வெளியிடுவதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. பிரிவு 2(47)இல் இருக்கிறது. இங்கே ஒரு சிக்கலும் உண்டு. "நாங்கள் வெளியிடவில்லை, எங்களிடமிருந்து திருடினார்கள்" என்று மருத்துவமனை வாதிடும். அந்த வாதம் எடுபடவும் வாய்ப்பிருக்கிறது. அதனால் புகாரை அந்த ஒரு பிரிவில் மட்டும் தொங்கவிடாமல், பதிவுகளைப் பாதுகாப்பாக வைத்திருப்பதும் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய சேவையின் ஒரு பகுதிதான், அதில் அலட்சியம் காட்டியது சேவைக் குறைபாடு என்றும் சேர்த்து எழுத வேண்டும். சாஃப்ட்வேர் நிறுவனத்தை இரண்டாவது எதிர்த்தரப்பாகச் சேருங்கள். நீங்கள் பணம் கட்டியது மருத்துவமனையிடம். யாரிடம் சர்வரைக் கொடுத்து வைப்பது என்று முடிவு செய்ததும் அவர்கள்தான். அந்த முடிவின் விளைவை உங்கள் தலையில் கட்ட முடியாது.

நடைமுறை விவரங்கள்: சிகிச்சைக்காக நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். அது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். சட்டம் 3 முதல் 5 மாதத்தில் முடிக்கச் சொன்னாலும் வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இடைக்கால உத்தரவு கேட்க முடியும் என்பதால் லாக்குகளைப் பாதுகாக்கும் கோரிக்கையை அங்கேயும் வையுங்கள். பல நோயாளிகள் உங்களைப் போலவே பாதிக்கப்பட்டிருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்கும் சேர்த்து ஒரே புகாராகப் போடவும் பிரிவு 35 இடம் தருகிறது. தனியாளாக நிற்பதைவிட இது பலம். விவகாரம் மிகவும் தொழில்நுட்பமானது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று ஆணையம் கைகழுவும் அபாயமும் இருக்கிறது. அதைத் தவிர்க்க, புகாரை எவ்வளவு எளிய உண்மைகளாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிதாகச் சொல்லுங்கள். பில் இதோ, தப்பான இனிஷியல் இதோ, அதே இனிஷியலோடு வந்த அழைப்பு இதோ.

இரண்டாவது வாசல், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. மருத்துவப் பதிவுகள் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி நுண்ணுணர்வுத் தகவல்கள், அதாவது கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய தனிப்பட்ட தகவல்கள். அவற்றைக் கையாளும் நிறுவனம் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளில் அலட்சியமாக இருந்து, அதனால் ஒருவருக்கு முறைகேடான இழப்பு ஏற்பட்டாலோ வேறொருவர் முறைகேடான ஆதாயம் அடைந்தாலோ இழப்பீடு தர வேண்டும். 5 கோடி வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பவர் நீதிபதி அல்ல, மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர். இந்த அதிகாரம் அவரிடம் இருப்பது பல வழக்கறிஞர்களுக்கே தெரியாது. ஆனால் தமிழ்நாட்டில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2010இல் தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து ஃபிஷிங் மோசடியில் பணம் போனபோது, ஐசிஐசிஐ வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று இதே அலுவலர்தான் உத்தரவிட்டார். அது இதே சட்டத்தின் 43ஆம் பிரிவின் கீழ் வந்த வழக்கு, 43ஏ அல்ல. என்றாலும் அந்த வாசல் திறக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. அவர் உத்தரவின் மீது மேல்முறையீடு டெல்லியிலுள்ள டிடிசாட் என்ற தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போகும். வங்கி வழக்கு அங்கே போய் 2019 வரை இழுத்தது.

கவனித்தீர்களா, அந்த வழக்கில் போனது பணம். 43ஏ-வும் இழப்பு, ஆதாயம் என்ற கணக்கில்தான் பேசுகிறது. கசிந்த தகவலை வைத்து யாராவது அம்மாவிடம் பணம் கறந்திருந்தால், அவர் பெயரில் கடன் எடுத்திருந்தால், இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டிருந்தால் நான் இந்த வாசலைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். மன வேதனை மட்டும் என்றால் இங்கே கொஞ்சம் கடினம். மருத்துவமனை டிரஸ்ட் பெயரில் நடந்தால் அது இந்தப் பிரிவு சொல்லும் நிறுவனம் என்ற வரையறைக்குள் வருமா என்றும் வாதிடுவார்கள். கட்டணம் வாங்கித் தொழில்முறையில் நடத்தும் டிரஸ்ட் வரும் என்பது என் கருத்து, முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், எல்லோரும் கேட்கும் புதிய சட்டம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி வரை அபராதம் என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த அபராதம் போவது இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் இழப்பீடு தரவும் அந்தச் சட்டத்தில் ஏற்பாடு இல்லை. அதற்கும் மேல், அதே சட்டம் 43ஏ பிரிவை நீக்குகிறது. நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் இருந்த ஒரு கதவையும் மூடிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஆறுதல், அந்த நீக்கம் இன்னும் அமலுக்கு வரவில்லை. 2025 நவம்பரில் விதிகளை அறிவித்தபோது முக்கியமான பிரிவுகளை 18 மாதம் தள்ளி வைத்தார்கள். அந்தக் கணக்குப்படி 2027 மே வரை 43ஏ உயிரோடு இருக்கிறது. அதற்கு முன்பே ஏற்பட்ட உரிமை ரத்துக்குப் பிறகும் பிழைக்கும் என்பது பொதுவான சட்டக் கோட்பாடு. இருந்தாலும் அதை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட முன்பே தாக்கல் செய்வது நல்லது.

புதிய சட்டத்தால் பயனே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அது முழுதாக அமலுக்கு வந்த பிறகு, தகவல் கசிந்தால் மருத்துவமனை ஒவ்வொரு நோயாளிக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், அந்தச் சட்டத்தின் கீழ் வரும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும். வெளி நிறுவனம் செய்த தவறுக்கும் மருத்துவமனையே பொறுப்பு என்று பிரிவு 8 வெளிப்படையாகச் சொல்கிறது. "சாஃப்ட்வேர் கம்பெனி சார்" என்ற சாக்கு அப்போது செல்லாது. வாரியம் தவறு நடந்தது என்று முடிவு செய்தால், நுகர்வோர் ஆணையத்தில் அதைக் காட்டி வாதிடலாம் என்பது என் எதிர்பார்ப்பு. அந்தச் சட்டம் மற்ற சட்டங்களோடு கூடுதலாகத்தான் செயல்படும் என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் அதனால் சிவில் நீதிமன்றத்தின் கதவு எந்த அளவுக்கு மூடும் என்பதை உயர் நீதிமன்றங்கள் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

காவல் துறைப் புகார் தனி. அது இழப்பீடு வாங்கித் தராது, ஆனாலும் கொடுங்கள். 1930 எண் பணம் போனவர்களுக்கு. உங்களுக்கு சைபர் கிரைம் இணையதளமும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமும். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும் என்பதால் பக்கத்து ஸ்டேஷனில் தட்டிக்கழிப்பார்கள். குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். உள்ளே வேலை பார்ப்பவரே பட்டியலை விற்றிருக்கிறார் என்று தெரிய வந்தால் அதே சட்டத்தின் 72ஏ பிரிவு பொருந்தும்: 3 ஆண்டு வரை சிறை, 25 லட்சம் வரை அபராதம். வெளியாள் திருடியிருந்தால் 66ஆம் பிரிவு. இந்த இரண்டில் எது நடந்தது என்று போலீஸ் கண்டுபிடித்தால் உங்கள் நுகர்வோர் வழக்குக்கும் அது பெரிய உதவி.

மருத்துவமனை சொல்லும் கதை நடக்காதது அல்ல. 2022 டிசம்பரில் திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் சுமார் ஒன்றரை லட்சம் நோயாளிகளின் விவரம் டெலிகிராமில் விலைக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்த கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம், அது ஒரு வெளி ஐடி நிறுவனம் வழியாகப் போயிருக்கலாம் என்றுதான் சொன்னது. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் பாட்களில், அதாவது கேட்டால் தானாகப் பதில் தரும் கணக்குகளில், கிடைத்தபோது, அந்த நிறுவனமே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் டெலிகிராம் மீதும் ஹேக்கர் மீதும் இடைக்காலத் தடை வாங்கியது. அம்மாவின் கோப்பு எங்காவது இணையத்தில் கிடப்பதைப் பார்த்தால் நீங்களும் அப்படித் தடை கேட்கலாம். வெறும் அழைப்புகள்தான் என்றால் அந்தச் செலவு தேவையில்லை.

இதே கேள்வியோடு வேறு நிலையில் இருப்பவர்கள் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு விஷயம். இலவச சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக எடுக்காது. 1995இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் வகுத்த கோடு அது. அங்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 புட்டசாமி தீர்ப்பு அதற்கு அடித்தளம். கசிந்தது ஹெச்ஐவி நிலை, மனநல சிகிச்சை, கருக்கலைப்பு பற்றிய தகவல் என்றால் அவற்றுக்கெனத் தனிச் சட்டங்களில் ரகசியம் காக்கும் கடமையும் தண்டனையும் உண்டு. பொதுச் சட்டத்தை விட்டு அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் யோசிப்பது வேறு ஒன்றை. புகார் அம்மாவின் பெயரில்தான் போக வேண்டும், அவர் வயது வந்தவர், தகவல் அவருடையது. நீங்கள் அதிகாரம் பெற்ற பிரதிநிதியாக நடத்தலாம், ஆனால் கையெழுத்து அவருடையது. நோயின் பெயர் புகாரில் இருக்கும், ஆணையத்தின் உத்தரவு பெயரோடு ஆன்லைனில் ஏறும். ஹெச்ஐவி சட்டத்தில் புனைபெயரில் வழக்கு நடத்த வெளிப்படையான ஏற்பாடு இருக்கிறது, புற்றுநோய்க்கு அப்படி இல்லை. உத்தரவில் பெயரை மறைக்கும்படி முதல் நாளே மனுக் கொடுக்கலாம். ஏற்பது ஆணையத்தின் விருப்பம். எனவே அம்மாவிடம் எல்லாவற்றையும் பேசாமல் இந்த வழக்கைத் தொடங்காதீர்கள். யாரோ ஒருவன் போனில் பாதியைச் சொல்லிவிட்டான், மீதியை நீங்கள் உட்கார்ந்து சொல்வதுதான் அவருக்கும் நல்லது.

நோட்டீஸ் போனதும் மருத்துவமனை பேச்சுவார்த்தைக்கு வர வாய்ப்பு அதிகம். பெயர் கெடும் என்ற பயம் அவர்களுக்கு அபராத பயத்தைவிடப் பெரியது. ஒரு வருட இலவசப் பரிசோதனை, பில்லில் தள்ளுபடி என்று ஏதாவது சொல்வார்கள், கூடவே ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். அதில் "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்ற வரி இருந்தால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு அம்மாவின் பெயரில் யாராவது கடன் எடுத்திருப்பது தெரிய வந்தால் அந்த ஒரு வரியைக் காட்டியே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதுவரை தெரிந்த பாதிப்புக்கு மட்டும் என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் காகிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு வந்து உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.